முப்பத்தொன்பது பல்

மலை ஏறுவது சுலபமாகட்டும் என்று கதிரேசன் தன் சைக்கிளில் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பல் குறைந்த ஒன்றை மாட்டினார். சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்ட பழைய சக்கரம், தன் இடத்தில் வந்து உட்கார்ந்த புதுசின் பற்களை எண்ணிப் பார்த்தது. முப்பத்துநாலு. தனக்கு முப்பத்தொன்பது. அதற்குப் பரம திருப்தி.

"இந்தப் பொக்கைவாயை வச்சுக்கிட்டு மலை ஏற வந்துட்டியாக்கும்," என்றது. "ஆறு வருஷம் ஏறினவன் நான். ஒரு நாள் முனகினதில்லை."

புதுச் சக்கரம் மிரண்டுபோய்ச் சங்கிலியைப் பார்த்தது.

"அண்ணன் சொல்றது நிஜம்தான்," என்றது சங்கிலி. "எதுக்கு முனகணும்? ரெண்டாவது வளைவிலேயே ஐயா இறங்கித் தள்ள ஆரம்பிச்சுடுவாரு. அதுக்கப்புறம் உச்சி வரைக்கும் அண்ணன் ஒரு சுத்துகூடச் சுத்தினதில்லை."

பழைய சக்கரத்துக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷம் கூடவே சுற்றிய சங்கிலி, ஒரு புதுசின் முன்னால் இப்படியா மானத்தை வாங்கும்?

அந்த நேரம் பார்த்துக் கதிரேசன் ஒரு நண்பரோடு உள்ளே வந்தார். பெருமையாகச் சுவரைக் காட்டினார்.

"ஆறு வருஷம் இதுலதான் மலை ஏறினேன். ஒரு தடவைகூட இறங்கித் தள்ளினதில்லை."

"கேட்டுக்கோ," என்றது பழைய சக்கரம், முப்பத்தொன்பது பல்லும் தெரிய.