பிஞ்சுத் திருடன்

"எடுத்தது யாருன்னு பேரு சொல்ல மாட்டேன். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான் இருக்கு."

ராக்காயி இதைத் தன் பாகற்கொடியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சன்னாசியின் காதில் விழுகிற மாதிரி சொன்னாள்.

சன்னாசி நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துணியை உதறிக்கொண்டு மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்களா, பதில் இல்லே," என்று உள்ளே வந்து புருஷனிடம் சொன்னாள்.

கார்த்திகேசு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுலா. போனா போவுது."

"போனா போவுதா? யாரு உடம்புக்காக நட்டேன்?"

அது உண்மைதான். கார்த்திகேசுக்கு இனிப்பு நீர் வியாதி என்று கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி சொன்ன அன்றைக்கே, சுங்கை சிப்புட் டவுன் சீனன் கடையில் ராக்காயி பாகல் விதை வாங்கிவிட்டாள். தினமும் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு. அதுதான் அவள் கணக்கு. பாதி விதையைப் பக்கத்து வீட்டுச் சன்னாசிக்கும் கொடுத்தாள். இரண்டு குடும்பமும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவை. தோட்டம் கைமாறியதும் இந்த மலிவு வீட்டு வரிசைக்குச் சேர்ந்தே வந்தவை.

கொடி நன்றாகத்தான் படர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூவுக்குப் பின்னால் விரல்நுனி அளவு பிஞ்சு இருந்தால்தான் அது காய்க்கிற பூ. சாயங்காலம் பார்த்தால் அப்படி நாலைந்து இருக்கும். காலையில் ஒன்றுகூட இருக்காது. வெறும் பூவெல்லாம் அப்படியே இருக்கும்.

விவரம் தெரிந்த திருடன்.

சன்னாசியின் கொடியிலோ காய்கள் சரம் சரமாகத் தொங்கின.

"நம்ம கொடி காய்ச்சா அவருக்கு என்ன குறைஞ்சுடும்?" என்று ராக்காயி கேட்காத ஆள் இல்லை. மீன்காரனிடம் கேட்டாள். கோயிலில் கேட்டாள். பஸ் ஸ்டாப்பிலும் கேட்டாள். வீட்டு வரிசையில் இருந்த இளவட்டங்கள் சன்னாசிக்குப் 'பிஞ்சு அண்ணே' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சன்னாசியின் மனைவி மங்களத்துக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலியோரம் வந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரரு உன் பிஞ்சைத் தொட்டதே இல்லே. வேணும்னா கோயில்லே வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவாரு."

"பண்ணச் சொல்லு அக்கா. நானும் பாக்கிறேன்."

உள்ளேயிருந்து சன்னாசியின் குரல் கேட்டது. "மங்களம், பேசாம உள்ளே வா."

சத்தியம் பண்ண அவர் வரவேயில்லை. ராக்காயிக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வேலிக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே நல்ல பச்சையாக நாலு பாகற்காய் இருக்கும்.

"மனசு குறுகுறுக்குது. அதான் கொண்டாந்து மாட்டுறாரு," என்றாள் ராக்காயி. ஆனாலும் பையை அவிழ்த்துக்கொள்வாள். சாறு பிழிந்து, புருஷன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பாள்.

மூன்றாம் மாதம் மிஸ்ஸி ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இறங்கியிருக்கு ஐயா," என்றாள்.

"எல்லாம் என் கைப்பக்குவம்," என்றாள் ராக்காயி.

அதோடு விட்டாளா? திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, வரிசையையே கூட்டி நியாயம் கேட்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். மறுநாள் விடியுமுன் எழுந்து, டார்ச்சும் விளக்குமாறுமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். கண்ணெல்லாம் வேலிமேல்தான்.

வேலிப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், அவளுடைய குசினிக் கதவுதான் மெல்லத் திறந்தது.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வந்தார் கார்த்திகேசு. கொடியைத் தடவித் தடவிப் பார்த்தார். பிஞ்சுள்ள பூவாகப் பொறுக்கிக் கிள்ளிக் கைலி மடிப்பில் போட்டுக்கொண்டார்.

ராக்காயி டார்ச்சை அடித்தாள்.

அவருக்கு ஓட இடமில்லை. அப்படியே குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சாறுக்கு ரப்பர் பாலையே குடிச்சிடலாம், ராக்காயி. காய் இல்லேன்னா சாறும் இருக்காதுன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த விளக்குமாறு தானாகக் கீழே இறங்கியது.

"அப்ப சன்னாசி அண்ணே?"

"அவனுக்கு மொத நாளே தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரும்போது பாத்துட்டான். யாருகிட்டயும் சொல்லிடாதேன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

"நான் ஊரெல்லாம் அப்படிப் பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லலியே மனுசன்."

"சொல்ல மாட்டான். சொன்ன சொல்லைக் காப்பாத்துறவன்." கார்த்திகேசு மடிப்பிலிருந்த பிஞ்சுகளைப் பாவமாகப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லிட்டான்லா: 'உன்னைக் காட்டியும் கொடுக்க மாட்டேன் மச்சான், சாகவும் விட மாட்டேன்.'"