படுக்கையறையில் நாற்பது பேர்

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தப் பெட்டிக்குள்ள நிஜமாவே மனுஷங்க இருக்காங்களா, இல்லையா?”

மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பெட்டியை மறைத்தபடி போய் நின்றார். படுக்கையறை மூலையில், நாலு பேர் கூடி அரட்டையடிக்க அவர் சொந்தமாக நடத்தும் சமூக வலைத்தளத்தின் சர்வர் ‘ங்ஙொய்’ என்று இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லையென்றால் அது இன்றே பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதுதான் பேச்சு.

“நாப்பது பேர் இருக்காங்கடி! ஏம்மா, நீயே சொல்லேன்!” இந்த மாதிரி வலைத்தளங்களில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண்ணிடம் முறையிட்டார்.

அவள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“அவசரப்படாதீங்க சார். மத்த சோஷியல் மீடியா எல்லாம் ஒவ்வொண்ணும் ஒரே கம்பெனி கையில. எத்தனை பேர்னு கேட்டா சொல்லிடுவாங்க. உங்களுது அப்படியா? ஆளாளுக்கு வீட்ல ஒரு சர்வர் வெச்சு, எல்லாத்தையும் இணைச்சிருக்கீங்க. மொத்தம் எத்தனைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஆளு நாலு சர்வர்ல நாலு வேற வேற பேர்ல உட்கார்ந்திருப்பான். சிலது ஆளே கிடையாது, வெறும் புரோகிராம்.”

“கேட்டுக்கோங்க!” என்றாள் மனைவி.

“என் ஆளுங்க அப்படியில்லடி! அவ்வளவு பாசம். ‘தினமும் வருவீங்களா? எவ்வளவு நேரம் இருப்பீங்க? வேற எங்கயும் அக்கவுண்ட் இருக்கா?’ன்னு ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கிட்டே இருப்பாங்க. நீ என்னிக்காவது என்னை அப்படி விசாரிச்சிருக்கியா?”

“நாள் பூரா கண்ணு முன்னாடி நிக்கிற ஆளை என்னத்த விசாரிக்கறது?”

பெண் உள்ளே நுழைந்து பார்க்கத் தனக்கென்று ஒரு அக்கவுண்ட் தொடங்கி, அந்தப் பாச விசாரிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் பேயறைந்தது போலானது.

“அவ மூஞ்சியே சொல்லுது, ஒரு ஈ காக்கா இல்லைன்னு” என்ற மனைவி, விடுவிடுவென்று போய் பிளக்கில் கைவைத்தாள்.

கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“பிடுங்காதீங்க மேடம்!” பெண் அலறினாள். “நாப்பதும் அசல் மனுஷங்கதான்!”

“அது எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?”

“நாப்பது பேருமே என்னை மாதிரி கணக்கெடுக்க வந்தவங்க மேடம். அந்த விசாரிப்பெல்லாம் எங்க சர்வே கேள்விங்க. இப்ப என்கிட்ட ‘தினமும் வருவீங்களா’ன்னு கேக்கறது எங்க மேனேஜர்!”