செவலையின் குழி

அன்று காலையில் செவலை அரை இட்லியைத் தின்றுவிட்டு, மீதி அரையை வழக்கம்போல் கடைக்கு அடியில் மண்ணைக் கிளறி மூடி வைத்தது.

"யாருக்குட்டி சேத்து வைக்கே?" என்று கேட்டுவிட்டு, சுடலைக்கண்ணு துண்டுகளைக் கயிற்றில் தொங்கவிட ஆரம்பித்தார்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு கடை. துண்டு, சீயக்காய், எண்ணெய், சோப்பு. செவலை யாருடைய நாயும் இல்லை. ஆறு வருஷமாக அந்தக் கடைக்கு அடியில் படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கெல்லாம் அது செத்துப்போய்விட்டது.

அதோடு சேர்த்து அந்தச் சாலையில் நான்கு நாய்கள். சாரல் தொடங்கி கூட்டம் வருவதற்குள் ரோட்டைச் சுத்தம் செய்ய நினைத்த ஒரு லாட்ஜ்காரர், விடியற்காலையில் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்து வைத்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

சுடலைக்கண்ணு செவலையைச் சாக்கில் வைத்து, இலஞ்சியில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். வாயைச் சுற்றியிருந்த நுரையைக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார். கடையிலிருந்து எடுத்து வந்த புதுத் துண்டைச் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் நெல்லி மரத்தடியில் புதைத்தார். கூடவே கிடந்த உயிரை அவர்கள் வீட்டில் அப்படித்தான் அனுப்புவார்கள்.

நான்கு மணிக்குச் சண்முகப்பிரியா வந்தாள். தென்காசி கோர்ட்டில் வக்கீல். வாயில்லாத ஜீவன்களுக்கு என்றால் காசு வாங்காமல் வழக்காடுகிறவள். புகார் கொடுத்துவிட்டு நேராக ஸ்டேஷனிலிருந்து வந்திருந்தாள்.

நாயைக் கொன்றவன் மேல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டுமென்றால், முன்பு அந்த நாய் பத்து ரூபாயாவது பெறும் என்று காட்ட வேண்டும். தெரு நாய்க்கு யார் விலை சொல்வது? புதுச் சட்டத்தில் விலைப் பேச்சையே எடுத்துவிட்டார்கள். எந்த விலங்கைக் கொன்றாலும் ஐந்து வருஷம் வரை ஜெயில். இதையெல்லாம் அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

மண் புதிதாக மூடிக் கிடந்ததைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது.

"மத்த மூணையும் லாட்ஜ் ஆளுகளே எரிச்சுட்டாங்க அண்ணாச்சி. டாக்டர் அறுத்துப் பாத்து, விஷம்தான்னு எழுதினாத்தான் கேஸ் நிக்கும். மிச்சம் இது ஒண்ணுதான். தோண்டணும்."

"வேண்டாம் தாயி," என்றார் சுடலைக்கண்ணு. "போன உயிரை அறுத்துக் கூறு போட வேண்டாம்."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

அவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஈரக் கையோடு பின்வாசலில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவள் அவரை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதே வார்த்தைகளை இதே குரலில் அவர் முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

சிவகிரிப் பக்கம், மகள் ஜெயசித்ராவைக் கட்டிக் கொடுத்த வீட்டு வாசலில் வைத்து.

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ராத்திரி வயிற்று வலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை என்றார்கள். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுச்சேலை சுற்றி வைத்திருந்தார்கள். வாயைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

முப்பிடாதி போலீஸைக் கூப்பிடச் சொன்னாள். கத்தவில்லை. இரண்டு தடவை சொன்னாள்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் அவரைத் தனியாக அழைத்துப் போனார்கள். பொம்பளைப் பிள்ளை உடம்பு, ஆஸ்பத்திரி மேசையில் யார் யாரோ பார்ப்பார்கள் என்றார்கள். தகப்பன் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

முப்பிடாதி மாட்டுத் தொழுவத்துக்குள் போனாள். மண்வெட்டியை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இதையாவது பாக்கட்டும்."

வக்கீலுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. சாட்சிக்காகப் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

சுடலைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். மண் இளகிக் கிடந்தது, சுலபமாக வந்தது. கடைசி ஒரு சாண் ஆழத்தை, வெட்டுப் பட்டுவிடக் கூடாது என்று கையாலேயே அள்ளினார். துண்டு மஞ்சளாக நனைந்திருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினார்.

முப்பிடாதி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து. அதன் பெயர், வயிற்றில் இருந்த அளவு, எல்லாம் எழுதியிருந்தது. லாட்ஜ்காரர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட்டில் கேஸ் நம்பரும் விழுந்துவிட்டது.

சண்முகப்பிரியா அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். முப்பிடாதி இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"எரிச்ச சாம்பல்ல இதெல்லாம் தெரியாதாம்மா?"

"தெரியாது ஆச்சி. அதுக்குத்தான அவங்க எரிச்சதே," என்றாள் சண்முகப்பிரியா, மூன்று நாய்களை நினைத்துக்கொண்டு.

சுடலைக்கண்ணு எழுந்து கடைக்குப் போனார்.

மகளை எரித்த ஊரின் மயானப் பதிவேட்டில், இறந்த காரணம் என்ற கட்டத்தில், வயிற்று வலி என்றுதான் இன்னும் இருக்கிறது. அதற்கு நேரே சுடலைக்கண்ணுவின் கையெழுத்து.