ஏழு வட்டம்

முன்பின் அறியாத குதிரை எதன்மீதும் குருநகர்ச் சிமியோன் எடுத்த எடுப்பில் ஏறுவதில்லை. குதிரை பழக்குவதும் தோல்வேலையுமாக நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர் அவர். முதலிற் கயிற்றைப் பிடித்து இடஞ்சுழியாக ஏழு வட்டமும் வலஞ்சுழியாக ஏழு வட்டமும் நடத்துவார், பின்பு நிறுத்துவார், பின்னோக்கி நாலடி வைக்கச் செய்வார். அதன் மூச்சும் தம் மூச்சும் ஒன்றையொன்று அறிந்த பின்பே ஏறி அமர்வார்.

தெல்லிப்பழையில், காலஞ்சென்ற உடையார் அருளம்பலத்தின் வளவில், அன்று மூன்றாம் நாளாக அவர் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். மாமரத்தில் ஒரு வேட்டைத் துவக்குச் சாத்தியிருந்தது.

உலக யுத்தத்தினால் பெற்றோல் கிடையாமற்போக, காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு உடையார் வாங்கிய குதிரை அது. இரண்டே மாதத்தில், சந்தியடியில் அதிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் அதைச் சுட்டுப் புதைத்துவிடுவதென்று மகன் தில்லைநாதன் தீர்மானித்திருந்தான்.

அதைக் கேள்விப்பட்டு, அழையாமலே வந்து, மூன்று நாள் தவணை கேட்டவர் சிமியோன்.

"சிமியோன் அண்ணை, குதிரை பழக்கிறியளோ, கோயில் வீதி சுத்திறியளோ?" என்றான் வண்டிக்காரக் கந்தப்பு. "ஏறப்போறியள் எண்டால் சேணம் எடுத்து வரட்டோ?"

"வேண்டாம். அதை என்ரை கண்ணிலை காட்டாதை."

"வெறும் முதுகிலையோ! விழுந்தால் அந்தோனியாரும் வந்து பிடிக்கமாட்டார்."

சிமியோன் கிணற்றடிக் கல்லில் மிதித்து ஏறினார். நடை, ஓட்டம், மீண்டும் நடை. பனைகளினூடே பாம்புபோல் வளைத்துச் சென்றார். கயிற்றைத் தளர்த்தி இரு கைகளையும் விரித்தார். குதிரை ஒருமுறையேனும் மிரளவில்லை. தில்லைநாதனின் முன்னால் வந்து, தானாகவே நின்றது.

"பாருங்கோ ஐயா. குழந்தைப்பிள்ளையை ஏத்தினாலும் பத்திரமாய்க் கொண்டுபோகும்."

"உமக்கு அடங்குது. அப்பாவைச் சேணத்தோடை சேத்தெல்லோ தூக்கி எறிஞ்சது! ஆளைக் கொன்ற குதிரையை இனி ஆர் வாங்குவினம்? அம்மா நெடுக அதின்ரை முகத்திலையோ முழிக்கிறது?"

"இன்னும் ரெண்டு நாள்..."

"ரெண்டு வருஷம் சுத்தினாலும் செத்தவர் வரார், சிமியோன். இறங்கும்."

சிமியோன் இறங்கினார். வாயிற்படியில் வெள்ளைச் சேலையோடு நின்ற உடையாரின் மனைவி பராசக்தியைக் கடைசி நம்பிக்கையோடு பார்த்தார்.

"வெயில் ஏறுது, தம்பி," என்றாள் அவள் மகனிடம். "செய்யிறதைச் செய்து முடி."

மனிதர் கூட்டும் நியாயசபையில் விலங்குக்கு நாவில்லை. கந்தப்பு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, முதல் நாளே வெட்டிவைத்த குழியை நோக்கி நடந்தான்.

தில்லைநாதன் துவக்கை எடுத்தான். குதிரை விலகவில்லை. மூன்று நாளும் கற்பித்தபடி, சிமியோன் நின்றதும் அதுவும் நின்றது; நான்கு கால்களையும் ஒழுங்காக ஊன்றி, அசையாமல், குறி வைப்பவனுக்கு எவ்வளவு வசதியாக நிற்கலாமோ அவ்வளவு வசதியாக நின்றது.

அதைக் கண்டதும் சிமியோன் கயிற்றைக் கீழே விட்டார். துவக்குக்கும் குதிரைக்கும் நடுவே சென்று மண்டியிட்டார்.

"விலகும் சிமியோன்! உமக்கென்ன விசரோ?"

"குறியை இஞ்சாலை திருப்புங்கோ, ஐயா. உக்கின நூலெண்டு தெரிஞ்சும் அந்தச் சேணவாரைத் தைச்சுக் குடுத்தவன் நான்."