வடக்கே திரும்பிய கார்

பெருங்குடி விலக்கில் தெற்கே திரும்ப வேண்டிய வாடகைக் கார் வடக்கே திரும்பியது.

"மாப்ள, ஊருக்கு அந்தப் பக்கமுல்ல போகணும்?" என்றான் ராமசுப்பு.

முன்சீட்டில் அவன் பெண்டாட்டி சந்தனம்மாளின் தம்பி ராஜகுரு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "மொதல்ல வைகைக்குப் போயிட்டுப் போயிருவோம் மாமா."

வைகையா? மல்லாங்கிணறுக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறவன் மதுரைக்குள் போய் ஆறு பார்ப்பானேன்?

ராமசுப்புவுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. போர்னியோவில் மிளகுத் தோட்டம், கள்ளத்தனமாய் வந்தவன் என்று பிடித்துப் போட்ட ஜெயில், பிறகு மறுபடியும் மிளகு என்று ஒன்பது வருஷத்தைத் தொலைத்தவன். ஜெயிலில் கிடந்த வெட்கத்தில் ஊருக்கு ஒரு தபால் கார்டு போடவில்லை. கடைசியில் சீன முதலாளி மனமிரங்கி விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். மெட்ராஸில் இறங்கியதும் தந்தி அடித்தான். விமானத்தில் வருகிறவனைப் பார்க்க ஊரே திரண்டு வரும், மாலை போடுவார்கள் என்று ஆகாயத்திலேயே கணக்குப் போட்டிருந்தான் மனுஷன்.

மதுரை விமான நிலையத்துக்கு வந்தது ராஜகுரு ஒருத்தன்தான். கட்டிப்பிடிக்கப் போனால், சுட்டுக்கொண்டவன் மாதிரி பின்னால் நகர்ந்தான். பெட்டியைக்கூட அவன் தொடவில்லை. டிரைவர்தான் தூக்கி வைத்தார்.

"தண்ணி இருக்கா மாப்ள? தொண்டை ஒட்டுது."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க."

கண்மாய் வெடித்துக் கிடக்கும் வருஷத்திலும் வாசலுக்கு வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்காமல் விடாத சனம் அது. ராஜகுருவின் காலடியில் கூஜா இருக்கிறது. மூடியைத் திறக்க மாட்டேன் என்கிறான்!

கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டான். "சந்தனம் நல்லாருக்காளா?"

"இருக்கா."

அந்தக் குரல் சரியில்லை. வேறு யாருக்காவது கட்டிக்கொடுத்துவிட்டார்களோ? கொடுத்திருந்தால் என்ன கேட்டுவிட முடியும்? எந்த முகத்தோடு கேட்பது? அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும் என்றுதான் கடல் தாண்டி வந்திருக்கிறான்.

தெற்குவாசல் தாண்டியது. கோபுரம் தெரிந்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டான். சிம்மக்கல் பக்கம் மல்லிகை வாசம் காருக்குள் வந்தது.

"செத்த நிறுத்தச் சொல்லு மாப்ள. ரெண்டு முழம் பூ வாங்கிக்கிறேன்."

"பூ வேண்டாம் மாமா."

ராமசுப்பு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

பேச்சியம்மன் படித்துறையில் கார் நின்றது. வைகை மணலாய்க் கிடந்தது. எதிர்க்கரை ஓரமாக ஒரு ஓடைத் தண்ணீர். அவ்வளவுதான் ஆறு.

மணலில் புதிதாய் ஒரு ஊற்று தோண்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் புதுக்குடம், வாழை இலை, எள்ளு. ஊர் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவன் அக்கா கருத்தம்மாள் ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எள்ளு, குடம், மொட்டை. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

பாவி, ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா! மணலில் விழுந்தான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். "எப்படா போனா? என்னயப் பாக்காமப் போயிட்டாளே!"

ராஜகுரு பதறிப்போனான். "யாரு போனா? அந்தா நிக்கிதுல்ல அக்கா!"

படித்துறையின் கடைசிப் படியில் சந்தனம்மாள் நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் அவளேதான். அவன் பக்கம் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தோஷத்தில் எழுந்து ஓடப் போனவன் அப்படியே நின்றான்.

வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, மூளிக் கழுத்து. யாருக்காக இந்தக் கோலம்?

ராஜகுரு மெதுவாகச் சொன்னான். "ஏழு வருசம் பாத்தோம் மாமா. ஒரு கார்டு, ஒரு தாக்கல் இல்ல. அப்பறம் வைக்கல்ல ஆள் செஞ்சு உங்க பேருக்குக் கொள்ளி வச்சுட்டோம். சாம்பலை இந்த எடத்துலதான் கரைச்சோம். கரைச்ச எடத்துலருந்துதான உங்களக் கூட்டிட்டுப் போகணும்?"

ராமசுப்பு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

நாவிதர் தலையை மழித்தார். ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாய் ஊற்றினார்கள். புது வேட்டி கட்டிவிட்டார்கள். கருத்தம்மாள் கிண்ணத்தைத் திறந்தாள். சீனித் தண்ணீர். விரலில் தொட்டு அவன் நாக்கில் வைத்தாள், பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதுபோல. பச்சைப் பிள்ளைக்கு முதலில் நாக்கில் படவேண்டியது அதுதான். அதனால்தான் கூஜாவைத் திறக்கவில்லை கிறுக்குப்பயல்.

"ஏலே, அழுடா," என்றாள் கருத்தம்மாள். "பெறந்த பிள்ளை அழணும்."

அழுகை வரவில்லை. நரைத்த மீசையோடு பச்சைப்பிள்ளையாம்! சிரிப்புதான் வந்தது.

ராஜகுரு மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தான். சந்தனம்மாள் படியிறங்கி வந்து, கிழக்கே பார்த்துக் குனிந்து நின்றாள். கட்டப்போனவன் அந்தக் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்தான்.

ஒரே ஒரு கார்டு போட்டிருந்தால் போதும்.

கயிறும் கையுமாக, யாரும் சொல்லாமலே, ஓவென்று அழுதான்.

கருத்தம்மாள் குலவையிட்டாள்.