இன்னும் ஒரு ஸ்பூன்

“கோச் சார், இவர் குடிக்கிற கிரியேட்டின் பவுடரால கிட்னிக்கு ஒண்ணும் ஆயிடாதே?” மைதானத்து வேலியோரம் நின்று கேட்டாள் அவள். தூரத்தில் அவள் கணவன் மாரத்தானுக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தான்.

“பயப்படாதீங்கம்மா. நெடுந்தூரம் ஓடுறவனுக்குக் கடைசியில காலு கெஞ்சும் பாருங்க, அப்ப ஒரு தம் கொடுக்கும், அவ்வளவுதான். ரத்த டெஸ்ட் எடுத்தா மட்டும் வம்பு.”

“என்ன வம்பு சார்?”

“அந்தப் பவுடர் உடம்புல செலவாகி, கிரியேட்டினின்ங்கிற கழிவா ரத்தத்துல சேரும். கிட்னி கெட்டாலும் அதேதான் ஏறும். அதனால நல்ல கிட்னிகூட ரிப்போர்ட்ல கெட்டுப்போன மாதிரி தெரியலாம். டெஸ்ட் ஏதாவது இருக்கா?”

“நாளைக்குக் காலையில.”

“அடடா! இன்னைக்கே பவுடரை நிறுத்திட்டு, டெஸ்ட்டை ரெண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லிடுங்க.”

அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் முகத்தைத் துடைத்தபடி கேட்டான். “பவுடரைப் பத்தி கோச் என்ன சொன்னாரு?”

“விடாம குடிக்கச் சொன்னாரு. டாக்டர்கிட்ட சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லையாம்.”

வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக் கலக்கி நீட்டினாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

“நாளைக்கு ரிப்போர்ட் மட்டும் நல்லபடியா வந்துடணும். என் கிட்னியைக் கொடுத்தாத்தான் அண்ணன் பிழைப்பான்.”

“நல்லபடியாவே வந்துடும்ங்க,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.