சொல்லாமல் இறங்கியவன்

அந்த சோப்பு ஆலையில் சீட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. கலவைத் தொட்டியைக் கழுவ இறங்குபவன், அதன் கலக்கும் இயந்திரத்தை ஓட்டும் சுவிட்ச்காரரிடம் நேரில் போய் வாயால் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"உள்ளே ஆள் இருக்கும்போது ஏன்யா சுவிட்சைப் போட்டே?" விசாரணை அதிகாரி கத்தினார்.

"என்கிட்ட யாரும் சொல்லலைங்க."

"பொய் சார்! செத்துப்போனவன் இவர் எதிர்ல போய் நின்னதை நானே பார்த்தேன்," என்றார் சூப்பர்வைசர்.

"நின்னான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டான்."

"ஏன், அவனுக்கு வாய் இல்லையா?"

சுவிட்ச்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"என் கூடப்பிறந்த தம்பிங்க. ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. யார் முதல்ல பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் வீம்பு."